திறன்பேசித் திரைக்குக் காப்புத் தகடு வேண்டுமா?

அரசாங்கப் பணிகள் பலவற்றில் பதிவேட்டின் இடத்தை இன்று திறன்பேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்து இயக்கத்தின்கீழ் அங்கன்வாடி ஊழியர்களுக்குத் திறன்பேசிகள் வழங்கப்பட்டன. குழந்தைகளின் உயரமும் எடையும் இப்பொழுது அவற்றிலேயே பதியப்படுகின்றன. 2027-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இலக்க முறையில் நடைபெறும் என 2025-இல் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பாளர்களாகச் செல்வோரில் ஆசிரியர்கள் மிகப் பலர் என்பது யாவரும் அறிந்ததே.

மேசைமீது கிடக்கும் திறன்பேசிக்கும், வரப்பிலும் பேருந்திலும் செம்மண் சாலையிலும் ஒருவருடன் அலையும் திறன்பேசிக்கும் வேறுபாடு பெரிது. பின்னதன் திரை உடைந்தால், அது செப்பனிடப்படும்வரை விவரங்களைத் தாளில் குறித்துவைத்துப் பிறகு மீண்டும் ஒருமுறை பதிய வேண்டியதாகிறது. செப்பனிடும் செலவும் சிறிதன்று. தற்காலத் திறன்பேசிகளில் மேற்கண்ணாடியும் அதன் கீழுள்ள ஒளித்திரையும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதால், கண்ணாடி மட்டும் உடைந்திருப்பினும் பெரும்பாலும் முழுத் திரையையும் மாற்ற நேரிடுகிறது. ஆகவே, கருவி கைக்கு வந்த அன்றே பலர் கடைக்குச் சென்று, கடைக்காரர் ‘டெம்பர்டு கிளாஸ்’ என்று கூறும் மெல்லிய கண்ணாடித் தகட்டையோ பிளாஸ்டிக் படலத்தையோ திரையின்மேல் ஒட்டிக்கொள்கின்றனர். இதனால் மெய்யாகவே பயன் உண்டா? உண்டெனில் அஃது எத்தகைய பயன்? இவற்றுக்கு விடை கூறுமுன் கண்ணாடி ஏன் உடைகிறது என்பதைச் சற்று விரிவாக ஆராய்தல் அவசியம்.

கண்ணாடி உடைவது ஏன்?

கண்ணாடியின் அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமையைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது மிகவும் உறுதியான பொருளாக இருத்தல் வேண்டும். ஆனால் நடைமுறையில் அந்த உறுதியில் மிகச் சிறு பங்கே காணப்படுகிறது. இம்முரண்பாட்டுக்குக் காரணம் கண்டவர் ஏ. ஏ. கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பிளவுகள் உள்ளன என்றும், கண்ணாடி இழுக்கப்படும்போது அல்லது வளைக்கப்படும்போது பிளவின் நுனியில் விசை முழுதும் வந்து குவிகிறது என்றும், அதனால் பிளவு வளர்ந்து கண்ணாடி இரண்டாகிறது என்றும் 1921-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் விளக்கினார். பிளவுகளுக்கு இடங்கொடாத மிக மெல்லிய கண்ணாடி இழைகள், பருமனான தண்டுகளைவிடப் பல மடங்கு உறுதியாக இருந்ததையும் அவர் அளந்து காட்டினார்.

கண்ணாடிக் கடையில் பணிபுரியும் தொழிலாளி இவ்வுண்மையைக் கட்டுரை படிக்காமலே அறிந்தவர். வைர முனையால் ஒரே ஒரு கோடு இழுத்து, இரு பக்கமும் மெல்ல அழுத்தி, தாம் விரும்பிய இடத்தில் கண்ணாடியைப் பிரித்துவிடுகிறார். வகுப்பறையில் இதற்குக் கண்ணாடியும் தேவையில்லை. ஒரே அளவான இரண்டு தாள் கீற்றுகளை எடுத்து, ஒன்றின் விளிம்பில் மட்டும் நகத்தால் சிறிது கிள்ளிவிட்டு, இரண்டையும் இழுத்துப் பார்க்குமாறு மாணவர்களிடம் கூறினால் போதும். கிள்ளிய கீற்று கிள்ளிய இடத்திலேயே, மிகக் குறைந்த விசையில் கிழியும்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், கண்ணாடியின்மீது விழும் ஒவ்வொரு கீறலும் வெறும் அழகுக் குறை அன்று. அடுத்து வரும் உடைப்புக்கு அது வித்தாக அமைகிறது.

திறன்பேசியின் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அன்று என்பதையும் இங்குக் கூற வேண்டும். பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு முனைகளிலும் கைகளால் நன்கு அழுத்தித் தூக்கினால், நடுவிலுள்ள புத்தகங்கள் விழுவதில்லை. அழுத்தம் அவற்றைப் பிரியவிடாமல் வைத்திருக்கிறது. அவ்வாறே கண்ணாடியின் மேற்பரப்பை எப்பொழுதும் அமுக்க நிலையில் வைத்திருக்க முடியுமாயின், அங்குள்ள நுண்பிளவுகள் திறக்கமாட்டா. இதனைச் செய்யும் இரசாயன முறை எளிமையானது. சோடியம் கலந்த கண்ணாடியைச் சுமார் 400 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் அமிழ்த்தி வைக்கிறார்கள். கண்ணாடியிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேறப் பொட்டாசியம் அயனிகள் அவ்விடங்களில் புகுகின்றன. சோடியம் அயனியின் ஆரம் சுமார் 1 ஆங்ஸ்ட்ராம். பொட்டாசியம் அயனியின் ஆரம் சுமார் 1.4 ஆங்ஸ்ட்ராம். சிறியவர் இருந்த இருக்கையில் பருமனானவர் அமர்ந்தால் வரிசை முழுதும் நெருக்குண்பது போல, மேற்பரப்பு முழுதும் நெருக்குண்கிறது. அந்த அமுக்கம் சுமார் 700 மெகாபாஸ்கல் அளவுக்கும் அதற்கு மேலும் உயரக்கூடும். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பின்மீது 70 கிலோகிராம் எடையை ஏற்றினாற்போன்றது இது.

அமெரிக்காவிலுள்ள கார்னிங் நிறுவனம் இத்தகைய கண்ணாடியை 1962-இல் ‘கெம்கார்’ என்னும் பெயரில் வெளியிட்டது. எதிர்பார்த்த வாணிகம் கிட்டவில்லை; முயற்சி கைவிடப்பட்டது. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, அதன் முகப்புக்கு முதலில் எண்ணியிருந்த பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கண்ணாடி அமைக்கப்பட்டது. பரணில் கிடந்த பழைய கண்டுபிடிப்புக்கு அப்பொழுதுதான் வேளை வந்தது. ‘கொரில்லா கிளாஸ்’ என்று பின்னர்ப் புகழ்பெற்றது இவ்வழி வந்ததே.

ஆயினும் இக்காப்புக்கு ஓர் எல்லை உண்டு. அமுக்க நிலையிலுள்ள அடுக்கின் ஆழம் சாதாரணமாக 0.04 மில்லிமீட்டர் அளவே. ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். அதற்குள் நிற்கும் கீறல் பெருந்தீங்கு விளைப்பதில்லை. அதனைக் கடந்து கீழே செல்லும் கீறல், இழுவிசை நிலவும் உட்பகுதியை அடைந்துவிடுகிறது. முதல் வாரத்தில் கை தவறி விழுந்தும் உடையாத கருவி, ஓராண்டுக்குப் பின்னர் அதே உயரத்திலிருந்து விழுந்து உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாவியும் நாணயமும் குற்றவாளிகள் அல்ல

திரையைக் கீறுவது எது என்று வினவினால், சட்டைப்பையிலுள்ள சாவி, நாணயம் என்பதே பொதுவான விடை. இது பெரும்பாலும் தவறு. 1812-இல் ஜெர்மன் தாதுவியலறிஞர் ஃப்ரீட்ரிக் மோஸ், எப்பொருள் எப்பொருளைக் கீறும் என்பதைக்கொண்டு 1 முதல் 10 வரை ஒரு கடினத்தன்மை அளவையை வகுத்தார். மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. இவ்வளவையில் விரல் நகம் சுமார் 2.5, செம்பு 3 முதல் 3.5 வரை, சாதாரண எஃகுக் கத்தி சுமார் 5.5. திறன்பேசியின் கண்ணாடி 5.5-க்கும் 6-க்கும் இடைப்பட்டது. ஆகவே சாவியும் நாணயமும் திரையை எளிதில் கீறமாட்டா. ஆனால் வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸின் எண் 7. மணலில் வெயிலில் மினுங்கும் துகள்களும், சாலைப் புழுதியின் பெரும் பகுதியும் குவார்ட்ஸே. சாவியோடு பையில் சேர்ந்திருக்கும் இரண்டு மணற்பரல்களே கீறலைச் செய்கின்றன. பழி சாவியின்மேல் விழுகிறது.

வயற்புறத்தில் பணிபுரிவோர்க்கு இதன் பொருள் தெளிவானது. புழுதி படிந்த திரையை முந்தானையாலோ சட்டை நுனியாலோ அழுத்தித் துடைப்பது, அதனை உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். முதலில் ஊதியோ தட்டியோ புழுதியை உதிர்த்துவிட்டுப் பின்னரே துடைத்தல் வேண்டும்.

காப்புத் தகடு மணலை எதிர்த்து நிற்குமா? நிற்காது. அதுவும் கண்ணாடியே, அதன் எண்ணும் ஏறத்தாழ 6-க்கு உட்பட்டதே. மணல் அதனையும் கீறும். ஆனால் கீறப்படுவது மாற்றத்தக்க பொருள் என்பதில்தான் பயன் அடங்கியிருக்கிறது. தகட்டில் விழும் கீறல் தகட்டோடு நின்றுவிடும்; கீழே உள்ள திரையின் மேற்பரப்பு புதிதாக வந்த நாளின் உறுதியோடே இருக்கும். விரல்ரேகை எளிதில் படியாதிருக்கத் திரையின்மேல் பூசப்பட்டுள்ள ஃப்ளூரின் சேர்மத்தாலான மெல்லிய பூச்சும் இவ்வாறே தேயாமல் காக்கப்படுகிறது.

இவ்விடத்தில் விளம்பரங்களில் காணப்படும் ‘9எச்’ என்னும் குறியைப் பற்றிச் சில சொற்கள் கூறியாக வேண்டும். மோஸ் அளவையில் 9 என்பது நீலக்கல்லின் எண். ஆகவே 9எச் என்றதும், வாங்குவோர் தகடு நீலக்கல்லுக்கு நிகரானது என்று எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் இஃது பென்சிலின் எண். வண்ணப் பூச்சுகளின் உறுதியைச் சோதிக்க, 9பி முதல் 9எச் வரையிலான பென்சில்களை 45 டிகிரி கோணத்தில், குறித்த எடையின்கீழ் பூச்சின்மேல் இழுத்துப் பார்ப்பது ஒரு பழைய முறை. எந்தப் பென்சில் கீறவில்லையோ அதன் எண் பூச்சின் எண்ணாகிறது. அவ்வரிசையில் மிகக் கடினமானது 9எச். பென்சிலோ கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது, கண்ணாடியைவிட மென்மையானது. பள்ளி ஜன்னலில் பொருத்தியிருக்கும் சாதாரணக் கண்ணாடிகூட இச்சோதனையில் தேறிவிடும்! குறி பொய்யன்று, அதனைக்கொண்டு வாங்குவோர் மனத்தில் எழுப்பப்படும் எண்ணம்தான் பொய்.

‘டெம்பர்டு’ என்னும் பெயரும் அத்தகையதே. பேருந்து ஜன்னல்களில் உள்ள கண்ணாடி, சூடேற்றிக் காற்றுவீச்சால் விரைவாகக் குளிர்விக்கப்பட்டு உறுதியேற்றப்படுவது. 0.3 மில்லிமீட்டர் பருமனுள்ள தகட்டில் உட்புறமும் வெளிப்புறமும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் குளிர்ந்துவிடுமாதலால் அம்முறை பலிப்பதில்லை. நல்ல தகடுகள் மேலே கூறிய பொட்டாசியம் முறையாலேயே உறுதியேற்றப்படுகின்றன. மலிவான தகடுகள் பல சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. பொட்டாசியம் அதில் ஆழமாக நுழைவதில்லை.

விழும்போது நிகழ்வது என்ன?

கருவி கீழே விழுகிறது. எடுத்துப் பார்த்தால் தகடு சிலந்தி வலைபோல் நொறுங்கியிருக்கிறது. உரித்துப் பார்த்தால் திரையில் சிறு பழுதும் இல்லை. ‘தகடு தன்னைப் பலிகொடுத்துத் திரையைக் காத்தது’ என்று உரியவர் மகிழ்ந்து, அன்று மாலையே மற்றொரு தகடு வாங்கி ஒட்டுகிறார். தகடுகளுக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் வேண்டுவதில்லை. ஆனால் இம்முடிவு காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கக்கூடும். காகதாலீய நியாயம் என்று தர்க்க நூலார் கூறுவது இதுவே.

தகடு திரையைவிட மெல்லியது, உறுதி குறைந்தது, அதன் வெட்டு விளிம்புகள் நான்கு பக்கமும் வெளியே தெரிபவை. விளிம்பிலேயே நுண்பிளவுகள் மிகுதி. எனவே, திரை எளிதில் தாங்கிக்கொள்ளும் அடியிலும் தகடு உடைந்துவிடலாம். தகடு உடைந்தது என்பது, தகடு இல்லாதிருந்தால் திரை உடைந்திருக்கும் என்பதற்குச் சான்றாகாது. அதனை நிரூபிக்க ஒரே வகைக் கருவிகளைத் தகட்டுடனும் தகடின்றியும், ஒரே உயரத்திலிருந்து, ஒரே தளத்தின்மேல், பல முறை போட்டுப் பார்த்தல் வேண்டும். ஒப்புநோக்கு இல்லாத சோதனை சோதனை ஆகாது என்பதை மேல்வகுப்பு மாணவர்களுக்கு விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இதைவிடக் கைவசமான உதாரணம் அகப்படுவது அரிது. வகுப்பில் பலரது வீட்டிலும் இது நிகழ்ந்திருக்கும்.

எனினும் தகடு ஒன்றுக்கும் உதவாது என்று கூறுவதும் நியாயமன்று. கருவி முகங்குப்புறக் கூரிய கல்லின்மேல் விழுமாயின், கல்லின் முனை தகட்டைத்தான் முதலில் தாக்கும். அங்கு உண்டாகும் வெடிப்பு, தகட்டுக்கும் திரைக்கும் இடையேயுள்ள மென்மையான பசையைக் கடந்து கீழே செல்வதில்லை. சரளைக் கல் பரப்பிய சாலைகளில் நடப்போர்க்கு இது மதிக்கத்தக்க காப்பே.

ஆனால் கருவி மூலையில் அடிபடும் வீழ்ச்சிகள் பல. அப்பொழுது சட்டம் நெளிகிறது. அதனுடன் கண்ணாடியின் விளிம்பு அடிபடுகிறது. தகடு பெரும்பாலும் விளிம்புவரை எட்டுவதே இல்லை. எட்டினாலும் நெளிவைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இங்கு உதவுவது ரப்பர் போன்ற மென்பொருளால் ஆகி, திரையைவிடச் சற்று உயர்ந்த விளிம்புடைய உறையாகும். இதற்குக் கணக்கு எளிது. 200 கிராம் எடையுள்ள கருவி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 2 ஜூல். அது அரை மில்லிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால் சராசரி விசை சுமார் 4,000 நியூட்டன். உறை நசுங்கி 2 மில்லிமீட்டர் தூரம் இடங்கொடுக்குமாயின் விசை சுமார் 1,000 நியூட்டனாகக் குறைகிறது. கிரிக்கெட் ஆட்டக்காரர் பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதன்பொருட்டே. தகடு, உறை ஆகிய இரண்டில் ஒன்றுக்கே பணம் உண்டு என்றால், உறையை வாங்குவதே அறிவுடைமை.

பிளாஸ்டிக் படலமும் வெயிலும்

எழுத்தாணியால் அழுத்தி எழுதும் பழைய கையடக்கக் கருவிகளின் திரை பிளாஸ்டிக்கால் ஆனது. அவற்றுக்குப் படலம் இன்றியமையாததாக இருந்தது. இன்று படலம் மலிவு, மெல்லியது, நொறுங்காது. சில வகைகள் சிறு கீறல்களைத் தாமே ஆற்றிக்கொள்ளவும் செய்கின்றன. ஆனால் மணலுக்கு முன் அவை விரைவில் மங்கிவிடும். கூரிய கல்லின் அடியைத் தாங்குவதில் கண்ணாடித் தகட்டுக்கு ஈடாகா. வளைந்த விளிம்புள்ள திரைகளுக்கு மட்டும் படலமே பொருந்தும்.

திறந்த வெளியில் பணிபுரிவோர் ஒளியையும் கருத வேண்டும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் ஒளி புகும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவிகிதம் பிரதிபலிக்கப்படுகிறது. தகடு முழுப் பரப்பிலும் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் புதிய பிரதிபலிப்பு அதிகம் ஏற்படாது. விளிம்பில் மட்டும் பசையுள்ள தகட்டில் நடுவே காற்று நிற்கிறது. இரண்டு பரப்புகள் கூடுதலாகி, மேலும் ஏறத்தாழ 8 சதவிகிதம் பிரதிபலிக்கிறது. நண்பகல் வெயிலில் திரையைப் படிக்கச் சிரமப்படுவோர்க்கு இது பெரிய இழப்பு. விரலின் அண்மையால் மின்புலத்தில் நேரும் மாற்றத்தையே திரை உணர்கிறது என்பதால், இடையிலுள்ள காற்று அவ்வுணர்வையும் மழுங்கச் செய்யும். ஆதலின் முழுப் பசையுள்ள தகட்டையே கேட்டு வாங்க வேண்டும். தொடுகை மந்தமாகத் தோன்றினால், பல கருவிகளின் அமைப்புப் பகுதியில் தொடுவுணர்வைக் கூட்டும் வசதி உள்ளது.

யாருக்குத் தேவை?

கணக்கின்பொருட்டு, தகட்டின் விலை 150 ரூபாய் என்றும், ஆண்டுக்கு இருமுறை மாற்றப்படுகிறது என்றும், திரையை மாற்றும் செலவு 4,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 40 கருவிகள் உள்ள ஓர் அலுவலகத்தில் தகடுகளுக்கு ஆண்டுச் செலவு 12,000 ரூபாய். அதாவது மூன்று திரைகளின் விலை. தகட்டினால் ஆண்டுக்கு மூன்று திரைகளாவது தப்பினால் செலவுக்கு ஈடாகும், இல்லையேல் நஷ்டம். உள்ளூர் விலைகளையும், அலுவலகத்தின் பழுதுப் பதிவேட்டில் கண்ட எண்ணிக்கையையும் இட்டு ஒவ்வோர் அலுவலகமும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். புழுதியிலும் சரளையிலும் திரியும் கருவிக்கு விடை பெரும்பாலும் தகட்டின் பக்கமே சாயும். திரை பழுதானால் அன்றைய பணியே நின்றுபோகும் என்பதையும் கணக்கில் சேர்த்தால் ஐயமே இல்லை. மின்விசிறியின் கீழ், மேசைக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் செல்லும் கருவிக்கு நல்ல உறை போதும். தகடு வீண் செலவு. விலை உயர்ந்த தகடு வாங்குவதில் பொருள் இல்லை. மலிவான தகட்டைக் கீறல் மிகுந்தவுடன் மாற்றிவிடுவதே மேல்.

ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரையைச் சாராயத் தன்மையுள்ள துணித்துண்டால் துடைத்து, எஞ்சிய தூசியை ஒட்டுநாடாவால் எடுத்துவிட வேண்டும். ஒரு மணற்பரல் உள்ளே சிக்கினாலும் அது அழுத்தப்படும்போதெல்லாம் திரையை உறுத்திக்கொண்டிருக்கும். திரைக்கடியில் விரல்ரேகை உணரும் அமைப்பு உள்ள கருவிகளில், ஒட்டிய பின்னர் ரேகையைப் புதிதாகப் பதிதல் நலம். உடைந்த தகட்டை அப்படியே விட்டுவைப்பது கூடாது. அதன் சில்லுகள் விரலைக் கிழிக்கும், பெயர்ந்த மூலையின் அடியில் புழுதி சேரும். உரித்தெடுத்த துண்டுகளைத் தாளில் சுற்றி, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும்.